தண்ணி என்று ஒரு சொல்

நாவல் எழுதுகிறவனுக்கு விமரிசகர்கள் எங்கிருந்து முளைப்பார்கள் என்று சொல்ல முடியாது. பத்திரிகையில் மூன்று பத்தி எழுதிக் கீழே பெயர் போட்டுக்கொள்கிறவர்களை எதிர்பார்த்து நாம் மனத்தைக் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறோம். அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே கேள்வி கேட்கிறவர்களிடம் அந்தக் கெட்டித்தனம் செல்லுபடியாவதில்லை.

சங்கராபுரத்தில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது என் வழக்கம். எழுதுகிறவனுக்கு இப்படி ஓர் ஊர் வேண்டும். எழுத்தாளன் என்று யாரும் மதிக்காத ஊராக இருந்தால் இன்னும் நல்லது.

சென்ற முறை போனபோது அண்ணி கேட்டாள்:

"தம்பி, ஒரு சந்தேகம் கேக்கலாமா? உங்க தொடர்கதையிலே அந்த மேஸ்திரி வர்ற இடமெல்லாம் படிச்சு நான் சிரிச்சிருக்கேன். அவன் தண்ணி போடறான், ஏத்திக்கிறான், தீர்த்தம் சாப்பிடறான், சுருதி சேத்துக்கிறான். எத்தனை தினுசு! ஆனா ஒரு இடத்திலேகூட அவன் குடிச்சான்னு எழுதலியே, ஏன்?"

நான் சிரித்தேன். "அது நடை அண்ணி. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் படிக்கிறவர்களுக்குச் சலித்துவிடும்" என்றேன்.

"ஓகோ, நடையா?" என்று சொல்லிவிட்டு அண்ணி அரிசியை உலையில் போட்டாள்.

அந்த "நடையா" என்ற ஒரு சொல் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் என்னை விடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பதில் நேராக வராது. சற்றுச் சுற்றித்தான் வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு வாக்குமூலம். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. குடியைப் பற்றி ஜனங்கள் வழங்கும் சொற்களைப் பல வருஷங்களாக அதில் குறித்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கேட்டவை, சலூனில் கேட்டவை, கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் கேட்டவை எல்லாம் அதில் உண்டு. மேஸ்திரி பேசிய பேச்செல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான்.

அந்தச் சொற்களை வகைப்படுத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பக்தி வகை ஒன்று: தீர்த்தம், சோமபானம். வைத்திய வகை ஒன்று: மருந்து, டானிக். வியாபார வகை ஒன்று: சரக்கு. அளவு வகை ஒன்று: குவார்ட்டர், ஆஃப், கட்டிங். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதை இருவர் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டால் கட்டிங். குடித்த பிறகு உள்ள நிலைக்கு மப்பு என்று பெயர். மேகமூட்டம் என்று பொருள் சொல்லலாம், பொருத்தமாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர் வெறி என்பார்கள். குடிகாரன் வெறிக்குட்டி, கள்ளுக்கடை தவறணை. அந்தத் தவறணை கடல் கடந்து வந்த ஐரோப்பியச் சொல். மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய நம்மவர்கள் களவில் காய்ச்சியதைச் சம்சு என்றார்கள். இவை எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கி நிற்பது ஒரு சொல்: தண்ணி.

நெருப்பாக இறங்குகிற ஒன்றைத் தண்ணீர் என்று சொல்லத் தமிழனுக்கு மட்டுந்தான் தோன்றியது என்று நான் நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் உலகமே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஐரோப்பாவில் வாலை வைத்துச் சாராயம் வடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அதற்கு லத்தீனில் 'அக்வா விட்டே' என்று பெயர் வைத்தார்கள். உயிர்த் தண்ணீர் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர் 'ஓ-த-வி' என்பதும் அதுதான். ருஷ்யரின் வோட்காவுக்குச் சின்னத் தண்ணீர் என்று பொருள். ஸ்காத்லாந்தின் பழைய மொழியில் 'உஷ்கெ பஹா' என்றால் உயிர்த் தண்ணீர். ஆங்கிலேயன் அதை வாயில் போட்டு மென்று முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டான். அது விஸ்கி ஆயிற்று. பெயரிலிருந்து உயிர் போய்விட்டது, தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

குடித்தவனின் கோலத்தை வர்ணிக்கும் சொற்களோ கணக்கில் அடங்கா. ஜெர்மானியர் குடித்தவனை நீலம் என்பார்கள். பிரெஞ்சுக்காரர் சாம்பல் நிறம் என்பார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1737ஆம் ஆண்டில், தம்முடைய 'பென்ஸில்வேனியா கெஜட்' பத்திரிகையில், 'குடித்திருக்கிறான்' என்பதைச் சொல்லாமல் சொல்லும் தொடர்களை அகர வரிசையில் அச்சிட்டார். அந்தப் பட்டியலில் 200க்கும் மேற்பட்ட தொடர்கள் இருந்தன. அவர் அதற்கு ஒரு முன்னுரையும் எழுதினார். அதன் சாரம் இது: மற்றக் கெட்ட குணங்கள் எல்லாம் ஏதாவது ஒரு நல்ல குணத்தின் பெயரை இரவல் வாங்கிக்கொள்ளும், கஞ்சத்தனம் தன்னைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளும். குடிக்கு அப்படி இரவல் தர எந்த நல்ல குணமும் முன்வராததால், அது புதுப்புதுத் தொடர்களைக் கட்டிக்கொண்டு தன் அசல் பெயரை மறைக்கிறது. பிராங்க்ளினைப் போன்ற கெட்டிக்காரரை வேறு எங்கே பார்க்க முடியும்!

இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் சொல்லும் வாழ்த்து. இதுவும் தேசந்தோறும் இருக்கிறது. அயர்லாந்துக்காரனின் 'ஸ்லாஞ்சா' என்றால் ஆரோக்கியம். பிரெஞ்சு, ஸ்பானிய, ருஷ்ய வாழ்த்துகளும் ஆரோக்கியத்தைத்தான் கேட்கின்றன. ஜெர்மானியனின் 'ப்ரோஸிட்' லத்தீன். 'நன்மை பயக்கட்டும்' என்பது பொருள். யூதர்கள் 'லெஹாயிம்' என்பார்கள், 'வாழ்வுக்காக'. ஸ்காண்டினேவியரின் 'ஸ்கோல்' வெறும் கிண்ணத்தின் பெயர். சீனரும் ஜப்பானியரும் 'கிண்ணம் வறளட்டும்' என்று காரியத்தில் கண்ணாக இருக்கிறார்கள். ஆங்கிலேயர் இன்று சொல்லும் 'சியர்ஸ்', முகம் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முகம் மலரட்டும் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வாழ்த்துக்கு 'டோஸ்ட்' என்று பெயர் வந்த கதையும் ருசியானதுதான். மசாலாத் தூள் தூவி வாட்டிய ரொட்டித் துண்டை மதுவில் போட்டுக் குடிப்பது அந்தக் காலத்து வழக்கம். விருந்தில் ஒரு சீமாட்டியின் பெயரைச் சொல்லிக் குடித்தால் அந்தப் பெயரே ரொட்டித் துண்டு மாதிரி மதுவுக்கு மணம் சேர்க்கும் என்றார்களாம்.

ஜார்ஜியா தேசத்தில் இது ஒரு சாஸ்திரமாகவே ஆகியிருக்கிறது. விருந்துக்கு 'தமதா' என்று ஒரு தலைவர் இருப்பார். அவர் எழுந்து இறந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு, விருந்தினருக்கு என்று ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்ல வேண்டும். சொல் முடிந்த பிறகுதான் குடி.

இந்த வாழ்த்துகளில் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். எவனும் தன் ஆரோக்கியத்துக்காகக் குடிப்பதில்லை. எதிரே இருக்கிறவனுடைய ஆரோக்கியத்துக்காகக் குடிக்கிறான். குடிக்கும் கணத்தில் எதிரே ஒரு மனிதன் இருக்கிறான் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. கிண்ணத்தோடு கிண்ணத்தை மோதுவதற்கு ஒரு கதை சொல்வார்கள்: ஒருவன் மது மற்றவன் கிண்ணத்தில் தெறித்து விழுந்தால் விஷம் வைத்திருக்க மாட்டான் என்று தைரியம் வருமாம். கதைக்குச் சரித்திர ஆதாரம் கிடையாது. ஆனால் குடிக்கிறவனுக்குள் இருக்கும் பயத்தை யாரோ நன்றாகத் தெரிந்து கட்டிய கதை.

நம்மிடம் அப்படி ஒரு வாழ்த்து உண்டா? படித்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "கிடையாது. தமிழன் குடிக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள்வான், யாரை வாழ்த்துவான்?" என்றார். அவர் சொன்னது இன்றைக்குச் சரி. என்றைக்கும் சரியா என்று பார்ப்பதற்காகப் புறநானூற்றைப் புரட்டினேன். உ. வே. சாமிநாதையர் 1894இல் அதை அச்சிட்டுக் கொடுத்ததிலிருந்து தமிழர்களாகிய நாம் அதை மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். வீட்டில் சற்றுக் குறைவாகப் படித்திருக்கிறோம்.

56ஆம் பாட்டு. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை நக்கீரர் பாடுகிறார். அவனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார். பிறகு, யவனர் கொண்டுவந்த குளிர்ந்து மணக்கும் மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க நாள்தோறும் அருந்தி மகிழ்ந்திரு, சூரிய சந்திரரைப்போல் நிலைத்திரு என்று வாழ்த்துகிறார். இது வாழ்த்து இல்லையென்றால் வேறு எதை வாழ்த்து என்பது? யவனர் மது வெறும் கவி கற்பனையும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகைப் பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

235ஆம் பாட்டில் ஔவை அதியமானை நினைத்து அழுகிறாள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, அவனும் மகிழ்ந்து உண்பான் என்கிறாள். கொஞ்சமாக இருந்தால் தனக்கு இல்லை! 'சியர்ஸ்' என்ற சொல் ஆயிரம் தடவை சொன்னாலும் இந்தப் பண்புக்கு உறைபோடக் காணுமா? அவன் இறந்த பிறகு நடுகல் நட்டுப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று அவளே இன்னொரு பாட்டில் கேட்கிறாள். இன்றும் எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சிலர் குடிப்பதற்கு முன் விரலை நனைத்து இரண்டு சொட்டு மண்ணில் தெறிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் "பெரியவங்க அப்படித்தான் செஞ்சாங்க" என்பார்கள். வாய்விட்டுச் சொல்லாத வாழ்த்து அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய நூல்களில் கள்ளுக்குப் பெயர்களும் ஏராளம். நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல். இங்கேதான் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. தேறல் என்றால் தெளிந்தது. பிழி என்றால் பிழிந்தது. அரியல் என்றால் வடிகட்டியது. தோப்பி வீட்டிலே ஆக்கியது. எங்களுக்கு வடக்கே செங்கத்தில் ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள்ளைச் சொல்கிறது. இவையெல்லாம் பொருளின் பெயர்கள். என் நோட்டில் உள்ளவை பொருளுக்குப் போட்ட முகமூடிகள். அவன் கலத்தைத் திறந்து காட்டிப் பெயர் வைத்தான்; நான் மூடி வைத்துவிட்டுப் பெயர் வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் மகிழ்ச்சி என்கிறோமே, அந்த 'மகிழ்' என்ற சொல் பழந்தமிழில் கள் உண்ட களிப்பையும் குறித்தது. களிப்பும் அப்படித்தான், கள்ளுக்கும் களிக்கும் உறவு காண அகராதி வேண்டியதில்லை. அரசன் காலையில் கள்ளுண்டு வீற்றிருக்கும் சபைக்கு நாண்மகிழ் இருக்கை என்றே பெயர். ஆக, சந்தோஷத்துக்கு நாம் வைத்திருக்கும் இரண்டு நல்ல சொற்களில் கள்ளின் வாசனை ஏறியிருக்கிறது. வள்ளுவர் இதை நன்றாக அறிந்தவர். கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே செய்தவர், காமத்துப்பாலில் கள்ளைவிடக் காதலுக்கு மகிழ்விக்கும் சக்தி அதிகம் என்று வாதாடுகிறபோது இதே சொல்லை வைத்து விளையாடுகிறார்.

ஆனால் இந்தச் சொல்லை வைத்து வள்ளுவருக்கு முன்பே விளையாடியவர் ஒருவர் உண்டு. அதுவும் எங்கள் ஜில்லாவிலேயே. சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத் திருக்கோவலூர் போய்விடலாம். அது மலையமான் திருமுடிக்காரியின் ஊர். பெண்ணையாற்றுக்குள் கபிலர் குன்று இருக்கிறது. அந்தக் கபிலர் காரியைப் பாடியது புறநானூற்றில் 123ஆம் பாட்டு. ஆறே அடி. காலையிலேயே கள்ளைக் குடித்துவிட்டுச் சபையில் மகிழ்ந்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது. எங்கள் மலையனோ அந்த மகிழ்ச்சி இல்லாதபோது கொடுக்கிறான். அப்படிக் கொடுத்த தேர்கள் முள்ளூர் மலை உச்சியில் விழும் மழைத்துளியைவிட அதிகம்.

பாட்டின் நயத்தைப் பாருங்கள். 'மகிழாமல் கொடுத்தான்' என்று ஒரு வள்ளலைப் பற்றிச் சொன்னால் அது வசை. கபிலர் அந்த வசையையே புகழாக்கிவிடுகிறார். சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கள்ளை வெளியே எடுத்துக் காட்டி, அது இல்லாமல் நிற்கிறவன்தான் மனிதன் என்கிறார். கள்ளைத் திட்டவில்லை, கள்ளுண்பவனைக் கேலி செய்யவும் இல்லை. தெளிந்த நிலையில் நீ என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்கிறார். குடியைப் பற்றித் தமிழில் இவ்வளவு நாகரிகமான விமரிசனம் வேறு நான் கண்டதில்லை.

அங்கிருந்து நாம் எப்படி முகமூடிக்கு வந்தோம்? சட்டத்தைத்தான் முதலில் குற்றம் சாட்டத் தோன்றும். 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலம் ஜில்லா, கிழக்குப் பக்கம் அந்நாளைய தென்னாற்காடு ஜில்லா. ஒரே மலையில் ஒரு சரிவுக்குச் சட்டம் வந்தது. மறு சரிவுக்கு வரவில்லை. 1948இல் ராஜதானி முழுவதும் மதுவிலக்கு ஆயிற்று. 1971இல் அது தளர்ந்தது; 1974இல் மீண்டும் இறுகியது; 1981இல் மீண்டும் தளர்ந்தது. ஒளித்துக் குடித்த காலங்களில் ஒளிக்கும் சொற்கள் பெருகியிருந்தால் அது இயற்கை.

ஆனால் இந்தச் சமாதானம் முழுக்கச் செல்லாது. 2003ஆம் ஆண்டின் முடிவிலிருந்து சில்லறைக் கடைகளையும் சர்க்கார் நிறுவனமே நடத்துகிறது. பில் கேட்டுச் சண்டை போடலாம். போலீஸ்காரருக்குப் பயந்து சங்கேதம் பேச வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் முகமூடிச் சொற்கள் குறையவில்லை, பெருகித்தான் இருக்கின்றன. சர்க்காரே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. மது விற்பதற்கென்று 1983இல் அமைத்த நிறுவனத்துக்குத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்று பெயர். அதில் மது எங்கே இருக்கிறது? அதை மேற்பார்வை செய்யும் இலாகாவின் பெயரிலோ மதுவிலக்கு என்ற சொல் இன்னும் இருக்கிறது. போலீசுக்குப் பயமில்லை என்றால் இந்தச் சொற்கள் யாரிடமிருந்து எதை மறைக்கின்றன?

பதில் எனக்கு அண்ணியிடமிருந்துதான் கிடைத்தது. அதற்கு முன் மலையைப் பற்றி இரண்டு வார்த்தை.

கல்வராயன் மலைச் சரிவுகளில் களவாகச் சாராயம் காய்ச்சுவது நெடுங்காலத்துத் தொழில். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு, பேரலில் ஊறவைப்பார்கள். அதற்கு ஊறல் என்று பெயர். 'இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு' என்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நானும் மேஸ்திரி வாயில் அந்த ஊறலை வைத்து ஒரு நகைச்சுவை எழுதியிருக்கிறேன். அத்தியாயம் வந்த வாரம் பல கடிதங்கள் வந்தன, எல்லாம் பாராட்டு.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் போனால் அது பார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குகிறது என்று சொல்லிக்கொண்டே மனிதன் சாய்வான். இறந்தவர்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள்.

நோட்டுக்காரனுக்கு அப்போதும் புத்தி நோட்டில்தான் போயிற்று என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மெத்தனால் என்ற பெயருக்கு மூலம் தேடினேன். 1830களில் பிரெஞ்சு ரசாயனிகள் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'மெத்திலீன்' என்ற பெயரை உண்டாக்கினார்கள். 'மெதி' என்றால் மது, 'ஹிலே' என்றால் மரம். மரத்திலிருந்து வடித்த மது. அந்த 'மெதி'யும் வடமொழி 'மது'வும் ஒரே வேரில் பிறந்தவை. நக்கீரர் காலத்து யவனர் பொற்கலத்துக்குக் கொண்டுவந்த பண்டத்துக்குச் சொன்ன பெயரும், கருணாபுரத்துப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் இருந்த விஷத்தின் பெயரும் உடன்பிறப்புகள். சொல் ஒன்றுதான். கலத்தை ஏந்திக் கொடுத்தவர் முகம் தெரிந்தவர். பாக்கெட்டைக் கொடுத்தவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாக்கெட்டை எடுத்து யார் யாரை வாழ்த்தியிருக்க முடியும்?

இப்போது அண்ணியிடம் வருகிறேன். மறுநாள் காலையில் நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். எத்தனை சொற்கள் சேர்த்திருக்கிறேன் பாருங்கள் என்ற பெருமைதான். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் குடிக்கிறவங்க சொல்றது. எங்க வார்த்தை ஒண்ணுகூட இல்லையே!" என்றாள்.

"உங்கள் வார்த்தையா?"

"உடம்பு சரியில்லேன்னு ஒண்ணு இருக்கு. மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட வந்தா, அவன் பொண்டாட்டி அதைத்தான் சொல்லுவா. அசதியா படுத்திருக்காருன்னு ஒண்ணு. அது மாமியார் கேட்டா. கடைவரைக்கும் போயிருக்காருன்னு ஒண்ணு, பிள்ளைங்க கேட்டா. இன்னிக்கு ஒருமாதிரி வந்தாருன்னு சொன்னா அடிச்சாருன்னு அர்த்தம். அக்கா தங்கச்சிக்கிட்டே மட்டும் சொல்லுவோம். செலவாயிடுச்சுன்னு ஒண்ணு. அது நகை."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த அறையில் அண்ணன் படுத்திருந்தார். மணி ஒன்பதரை. முந்தின நாள் மாலை நான் வந்து இறங்கியபோது, "அண்ணன் எங்கே?" என்று கேட்டேன். "உடம்பு சரியில்லே, தம்பி. சீக்கிரமே படுத்துட்டார்" என்று அண்ணி சொல்லியிருந்தாள். நானும் "மருந்து வாங்கிக் கொடுத்தீர்களா?" என்று விசாரித்திருந்தேன்.

வாசகர்களே, பல வருஷங்களாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். எத்தனையோ தடவை அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் காது கொடுத்துச் சொல் பொறுக்கிய எனக்கு, சொந்த வீட்டில் சொன்ன சொல் கேட்கவில்லை.

ஸ்பானியர் குடித்த மறுநாளின் அவஸ்தையைக் கடல் அலை பின்வாங்கி இழுப்பதன் பெயரால் சொல்வார்கள். ஜெர்மானியர் ஆண் பூனை என்பார்கள். என் நோட்டில் மறுநாள் காலைக்கு ஒரு சொல்கூட இல்லை. பிராங்க்ளினின் 200 தொடர்களும் மதுக்கடைப் பேச்சில் பொறுக்கியவை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு கதவைத் திறந்தவள் என்ன சொன்னாள் என்பதற்கு அதில் இடமில்லை. குடிக்கு இரண்டு அகராதிகள் உண்டு. ஒன்று சிரிக்கிற அகராதி. அதை உலகம் முழுவதும் அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொன்று சமாளிக்கிற அகராதி. அது வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை. முதல் அகராதி யாரிடமிருந்து மறைக்கிறது என்று கேட்டேனே, இரண்டாவது அகராதியைப் பேசுகிறவர்களிடமிருந்துதான். 'குடித்தான்' என்று ஒரு வாக்கியம் எழுதினால் அடுத்த வாக்கியம் காத்து நிற்கும்: யார் காசு, வீட்டில் அடுப்பு எரிந்ததா, பிள்ளை எங்கே தூங்கியது? 'தண்ணி போட்டான்' என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். அடுத்த வாக்கியத்துக்கு அவசியமே இராது. அதனால்தான் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அண்ணி 'நடையா' என்று கேட்டது இதைத்தான்.

அப்படியானால் இனிமேல் குடிகாரனை வைத்துச் சிரிக்கவே கூடாதா, எல்லாரும் பிரசாரக் கதை எழுத வேண்டுமா என்று சில எழுத்தாள நண்பர்கள் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1929இல் ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கல்கி அதில் உழைத்தார். அவர்கள் சொல்லவந்ததை மறைக்காமல் சொன்னார்கள். அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பின்னால் வந்த பலர் கையில் அந்த வகைக் கதை கெட்டுப்போயிற்று. முதல் பக்கத்தில் குடிப்பான், நடுவில் அடிப்பான், கடைசிப் பக்கத்தில் திருந்தி அழுவான். அதுவும் ஒரு முகமூடிதான். சிரிப்பு முகமூடிக்குப் பதிலாக அழுகை முகமூடி. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மனிதனை ஆசிரியன் பார்க்கவில்லை. அவன் வீட்டையும் பார்க்கவில்லை.

நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். கபிலரிடம் இருந்த நேர்மை போதும். அவர் கள்ளைக் கள் என்றார், மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்றார், இரண்டும் விலகிய இடத்தில் மனிதனை நிறுத்திப் பார்த்தார். மேஸ்திரியை நான் அப்படி நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். அவன் பேசுகிற ஹாஸ்யம் எல்லாம் இருக்கட்டும். உண்மையிலேயே அவன் அப்படிப் பேசுகிறவன்தான். ஆனால் நாற்பது அத்தியாயத்தில் ஒரு நாளாவது அவன் பெண்டாட்டி கதவைத் திறந்து, வேலைக்குக் கூப்பிட வந்தவனிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் அவ்வளவு பெரிய நாவலை முடித்துவிட்டேன். எந்தப் பத்திரிகை விமரிசகரும் அதைச் சுட்டிக் காட்டவில்லை. அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக இருக்கிறேன்.

கட்டுரையை எழுதி முடித்ததும் சங்கராபுரத்துக்குப் போன் செய்து, இப்படி எழுதியிருக்கிறேன், அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. உள்ளே அண்ணன் இருமுவது கேட்டது.

"ஊர்ப் பேரைப் போடுங்க தம்பி. எங்க பேரு மட்டும் வேண்டாம்" என்றாள் அண்ணி.

பிறகு, நான் கேட்காமலே, "அவர் நேத்து குடிச்சிட்டு வந்தார். இப்பத்தான் எழுந்தார்" என்றாள்.